வேதாரண்யம் பக்கம் காலநிலைக் கூட்டம்: நான்கு துறை நிபுணர்களை எப்படிப் பேச வைப்பது?

கடைமடை_வாசகர் (கேள்வி)

வணக்கம். வேதாரண்யம் வட்டாரத்தில் வாசகர் வட்டம், உழவர் குழு, மகளிர் குழுக்கள், மீனவ கிராமப் பஞ்சாயத்தார் எல்லோரும் சேர்ந்து பிப்ரவரி கடைசி ஞாயிறு அன்று காலநிலை மாற்றம் பற்றி ஒரு கூட்டம் நடத்துகிறோம். சம்பா அறுவடை முடிந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது என்பதால்தான் அந்தத் தேதி. பள்ளி மண்டபம், 120 பேர், காலை 9.30 முதல் மதியச் சாப்பாடு வரை. வானிலை, வேளாண்மை, மருத்துவம், கடலியல் ஆகிய நான்கு துறைகளிலிருந்தும் ஒவ்வொருவர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்கு ஆளுக்கு 45 நிமிடம், கடைசியில் அரை மணி நேரம் கேள்வி பதில் என்று நிரல் போட்டிருக்கிறோம்.

வருகிறவர்கள் விவசாயிகள், உப்பளத் தொழிலாளர்கள், படகுக்காரர்கள், மீன் விற்கும் பெண்கள். கேட்டுவிட்டுக் கலைந்து போகிற கூட்டமாக இது ஆகிவிடக் கூடாது. நிரல் சரியா? "கஜா புயலுக்குக் காரணம் இதுதானா?" என்று நிச்சயம் கேட்பார்கள், அதற்கு எப்படிப் பதில் சொல்வது? ஸ்லைடு இல்லாமல் செய்து காட்டக்கூடியது ஏதாவது உண்டா?

வட்டமேசை

முதல் வேலையாக நிரலை மாற்றுங்கள். துறைக்கு ஒரு நேரம் ஒதுக்காமல் பிரச்சினைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். வயலில் நிற்கிறவருக்கு வானிலை தனி, மண் தனி, உடம்பு தனி என்று கிடையாது. எந்த நெல்லைத் தெளிப்பது என்ற ஒரே முடிவுக்குள் மழையும் உப்பும் கூலியும் கடனும் சேர்ந்தே இருக்கின்றன. நான்கு பேர் நான்கு உரை நிகழ்த்தினால், அதையெல்லாம் கோத்துப் பார்க்கிற வேலை கேட்பவர் தலையில் விழுகிறது. அந்த வேலையை மேடையிலேயே முடித்துக் கொடுக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு மூன்று கேள்வி போதும். சம்பாவுக்கு எந்த ரகம், எப்போது தெளிப்பது? (வேளாண்மை, வானிலை.) ஏப்ரல், மே மாதங்களில் உப்பள வேலையை எத்தனை மணிக்கு நிறுத்துவது? (மருத்துவம், வானிலை.) கடல் எச்சரிக்கையை எப்படி வாசிப்பது, படகை எப்போது மேடேற்றுவது? (கடலியல், வானிலை.) வானிலைக்காரர் மூன்றிலும் இருப்பார். அதனால் அவருக்கென்று தனி உரை வேண்டாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மணி நேரம். முதல் 5 நிமிடம் அந்தத் தொழில் செய்கிற உள்ளூர்க்காரர் பிரச்சினையைச் சொல்லட்டும். பிறகு இரண்டு நிபுணர்கள், ஆளுக்கு 8 நிமிடம். அடுத்த 25 நிமிடம் மக்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவது, நிபுணர்கள் வட்டம் வட்டமாகப் போய் உட்கார வேண்டும். கடைசி 14 நிமிடம் பதில். இடையில் 20 நிமிடம் தேநீர், தொடக்கத்தில் 10 நிமிடம் வரவேற்பு. ஒரு மணிக்கு முடிந்துவிடும்.

120 பேர் என்றால் பத்துப் பத்துப் பேராக 12 வட்டம். நாற்காலிகளை முன்தினம் மாலையே வட்டமாகப் போட்டுவிடுங்கள். வரிசையாகப் போட்டுவிட்டு "இப்போது திரும்பி உட்காருங்கள்" என்றால் பத்து நிமிடம் போய்விடும். வட்டத்துக்கு ஒரு நெறியாளர் வேண்டும். கல்லூரி மாணவர்கள் போதும், ஆனால் முன்தினம் அரை நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர்களுக்கு ஒரே விதி: எல்லோரும் ஒரு முறை பேசி முடிக்காமல் யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. தொழில்களைக் கலந்து உட்கார வையுங்கள். பெண்களை மட்டும் வட்டத்துக்கு மூன்று பேருக்குக் குறையாமல் சேர்த்து உட்கார வையுங்கள். ஒரே பெண் என்றால் அவர் வாய் திறக்க மாட்டார், அந்த வட்டமும் அதைக் கவனிக்காது.

கேள்விக்கு மைக்கைச் சுற்றவிடாதீர்கள். முதலில் வாங்குகிறவர் ஆறு நிமிடம் பேசுவார், அதில் கேள்வியே இருக்காது. ஒவ்வொரு வட்டமும் ஒரு அட்டையில் ஒரே ஒரு கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதித் தரட்டும். 12 அட்டை வரும். ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்தால் பெரும்பாலும் ஐந்தாறுதான் மிஞ்சும், 14 நிமிடம் அதற்குப் போதும்.

இன்னொன்று முக்கியம். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு நான்கு நிபுணர்களையும் 90 நிமிடம் ஒன்றாகப் பேச வையுங்கள், போனில் என்றாலும் சரி. எண்களில் ஒத்துப்போகத்தான் இது. உதாரணத்துக்கு, ஒருவர் "1.1 டிகிரி கூடியிருக்கிறது" என்பார், இன்னொருவர் "0.7" என்பார். இரண்டும் சரி. முதலாவது உலக சராசரி, 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டு 2011-2020 பத்தாண்டுக்கானது. இரண்டாவது இந்தியாவுக்கானது, 1901 முதல் 2018 வரை. பின்வரிசைக்காரர் காதில் விழுவது "இவர்களுக்கே ஒத்துவரவில்லை" என்பதுதான். எந்த எண்ணைச் சொல்வது, எந்தக் காலத்தைவிட எவ்வளவு கூடியது என்று சொல்வது, இவற்றை ஒரு ஏ4 தாளில் எழுதி நான்கு பேரும் வைத்துக்கொள்ளட்டும்.

வானிலை_மேசை

கஜா கேள்விக்கு "ஆமாம்" என்றும் சொல்ல முடியாது, "இல்லை" என்றும் சொல்ல முடியாது. இரண்டில் எதைச் சொன்னாலும் தப்பு. நான்கே வாக்கியத்தில் இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்:

"வங்கக் கடலில் புயல் எப்போதும் உண்டு, 2018 நவம்பர் 16 அன்று வந்த அந்த ஒரு புயலைக் காலநிலை மாற்றம்தான் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. வட இந்தியப் பெருங்கடலில் 1951க்குப் பிறகு புயல்களின் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஆனால் 2000க்குப் பிறகு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மிகக் கடுமையான புயல்கள் கூடியிருக்கின்றன. கடல் மட்டம் உலக சராசரியில் 1901ஐ விட 20 செ.மீ. உயர்ந்துவிட்டதால், அதே வேகத்தில் வருகிற புயலும் முன்பைவிட உள்ளே தண்ணீரைத் தள்ளும்."

எண்ணிக்கை குறைந்ததை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயதான மீனவர்களுக்கு அது தெரியும். மறைத்தால் அடுத்து நீங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டார்கள்.

செய்து காட்ட இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, புளியங்கொட்டை. "நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை" என்றால், ஒரு தடவை வந்துவிட்டது, இனி நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். வட்டத்துக்கு ஒரு பை, அதில் 100 கொட்டை, ஒன்றில் மட்டும் சிவப்பு நகப்பூச்சு. பெயிண்ட் வேண்டாம், தடிமன் விரலுக்குத் தெரிந்துவிடும். பார்க்காமல் ஒன்று எடுத்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, 30 தடவை எடுக்கட்டும். 30 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வீட்டுக் கடனும் ஒரு தென்னந்தோப்பும் அதற்குள் அடங்கிவிடும். சிவப்பு ஒரு தடவையாவது வர வாய்ப்பு 26 விழுக்காடு. 12 வட்டத்தில் சுமார் மூன்றுக்கு வரும். பிறகு சிவப்பை மூன்றாக்கி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வாய்ப்பு 60 விழுக்காடு ஆகிவிடும், அதாவது ஏழு வட்டம். இரண்டு எச்சரிக்கை. எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். "மழை வாய்ப்பு மூன்று மடங்கு ஆகிவிட்டது" என்று யாரும் எழுதிக்கொண்டு போகாதபடி, மூன்று என்பது விளங்குவதற்காக வைத்தது என்று சொல்லிவிடுங்கள்.

மழை ஏன் கொட்டுகிறது என்பதற்கு ஒரே எண் போதும்: காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 காலை வரையான ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த மழை முழுவதும் வெப்பமாதலால் வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அப்படி ஒரு அமைப்பு உண்டாகும்போது அதற்குக் கிடைக்கிற ஈரம் முன்பைவிட அதிகம், அதோடு நிறுத்துங்கள்.

இரண்டு, பலூன். ஒன்றில் காற்று மட்டும். இன்னொன்றில் ஒரு தம்ளர் தண்ணீர் விட்டுப் பிறகு ஊதிக் கட்டுங்கள். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்தால் முதலாவது உடனே வெடிக்கும், தண்ணீர் உள்ளது தாக்குப்பிடிக்கும். பூமியில் சேர்கிற கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கடல் வாங்கிக்கொள்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. தண்ணீர் தொங்குகிற அடிப்பகுதிதான் சுடருக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் பட்டால் அதுவும் வெடித்து எல்லோர் மேலும் தெறிக்கும்.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றி, பாட்டிலில் கரியமில வாயு நிரப்பி, விளக்கு வைத்துச் சூடு அளக்கிற சோதனையைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பாட்டிலுக்குள் கலக்காமல் அடியில் தங்குவதால்தான் சூடு நிற்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்காத ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் அதே சூடு காட்டும். கூட்டத்தில் ஒரு இயற்பியல் ஆசிரியர் இருந்தால் எழுந்து இதைச் சொல்லிவிடுவார், அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

சொல்லேர்

மேலே வட்டமேசை நண்பர் சொன்ன ஏ4 தாளில் சொற்களையும் சேருங்கள். தமிழில் சில கலைச்சொற்கள் நேர் எதிரான பொருளைக் கொடுக்கின்றன.

"பசுமை இல்ல வாயு" என்றால் நல்ல வாயு என்றே படுகிறது. அரசின் பசுமை வீடுகள் திட்டமும், நிழல்வலைப் பசுமைக்குடிலும் மக்களுக்குப் பழக்கம். "வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு" என்று சொல்லுங்கள், கொஞ்சம் நீளமானாலும் பரவாயில்லை. "நேர்மறைப் பின்னூட்டம்" அதைவிட மோசம், யாரோ பாராட்டியது போல ஒலிக்கிறது. "சூடு சூட்டை வளர்ப்பது" என்றால் புரிந்துவிடும். "பருவநிலை மாற்றம்" என்றால் விவசாயிகள் காரும் சம்பாவும் தள்ளிப்போவதை மட்டும் நினைக்கிறார்கள். "காலநிலை" என்றே எல்லோரும் சொல்லட்டும். "கரிம" என்ற சொல் அவர்களுக்குக் கரிம வேளாண்மையை நினைவூட்டும், "கரியமில வாயு" எல்லோருக்கும் தெரிந்த பழைய சொல்.

நிச்சயமின்மையைச் சொல்ல மூன்று நிற அட்டை கொடுங்கள். உறுதியாகத் தெரிந்ததற்குப் பச்சை, பெரும்பாலும் அப்படித்தான் என்பதற்கு மஞ்சள், இன்னும் தெரியாததற்கு வெள்ளை. நிபுணர் ஒவ்வொரு முக்கிய வாக்கியத்துக்கும் ஒரு அட்டையைத் தூக்க வேண்டும். பேசுகிறவரை இது கட்டுப்படுத்தும். வெள்ளையைத் தூக்கத் தயங்காதவர் பச்சையைத் தூக்கும்போது மக்கள் நம்புவார்கள்.

உவர்நிலம்

வேளாண் நிபுணர் வருகிறார் என்றால், நெல் வயலை விட்டு விட்டுக் காயவைத்துப் பாய்ச்சும் முறையை அவர் பேச வாய்ப்பு அதிகம். 30 செ.மீ. நீளத்தில் துளையிட்ட குழாயைப் பாதி புதைத்து, உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சுவது. பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீர் மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் (இதுவும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு) சுமார் பாதியாகக் குறையும். நல்ல முறைதான், போர்வெல் குறுவைக்குப் பொருந்தும்.

ஆனால் வேதாரண்யம் போன்ற கடைமடையில், மழையை நம்பித் தெளிக்கிற சம்பாவில், தண்ணீர் உங்கள் கையிலேயே இல்லை. மேலும் உவர் மண்ணைக் காயவிட்டால் அடியிலுள்ள உப்பு மேலேறிப் பயிர் கருகும். அதை இந்தக் கூட்டத்தில் பொதுப் பரிந்துரையாகச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உலகத்துக்கு நல்லது என்று சொல்லி ஒருவர் வயல் கெட்டால், அடுத்த பத்து வருஷத்துக்கு அந்த ஊரில் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக மண்ணைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்து விவசாயிகள், ஆளுக்கு ஒரு கால் கிலோ, வயலில் ஐந்தாறு இடத்தில் மேல் 15 செ.மீ. மண்ணை எடுத்துக் கலந்து நிழலில் உலர்த்தியது. 20 கிராம் மண், 40 மி.லி. வாலை வடிநீர், அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, தெளிந்ததும் கையடக்க இசி மீட்டரை (மின் கடத்துதிறனை வைத்து உப்பின் அளவைக் காட்டும் கருவி) விடுங்கள். மீட்டரை முதலில் 1.413 மில்லிசீமன்ஸ் என்று அளவு தெரிந்த தர நீர்மத்தில் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது காட்டுவது வெறும் எண். கேன் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றினால் அதில் உள்ள உப்பையும் சேர்த்து அளப்பீர்கள்.

பலரும் தவறுகிற இடம் இதற்கு அடுத்தது. "4க்கு மேல் போனால் உவர் நிலம்" என்ற பாட அளவு, மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றுக்கானது. ஒன்றுக்கு இரண்டு கலந்த நீரில் அதே மண் மிகக் குறைவாகத்தான் காட்டும். 2 வந்தால் "தப்பித்தோம்" என்று யாரும் போய்விடக் கூடாது. பத்து மண்ணில் எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அதிகம் காட்டியதை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள்.

களரும் (சோடியம் ஏறி இறுகிய மண்) உவரும் (கரையும் உப்பு கூடிய மண்) ஒன்றல்ல என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஜிப்சம் களருக்கு மருந்து. வெறும் உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. கடல் நீர் ஏறிய மண்ணில் இரண்டும் சேர்ந்திருக்கலாம், சோதனை பார்த்துத்தான் போட வேண்டும். ரகம் என்று கேட்டால், உப்பு தாங்குவதற்குத் திருச்சியில் வெளியிட்ட டிஆர்ஒய் வரிசை, வெள்ளத்துக்கு சிஆர் 1009 சப் 1. பின்னதைப் பற்றி ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். இளம்பயிர் இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். கதிர் வந்த பிறகு சாய்ந்து முழுகினால் அது காப்பாற்றாது.

வெயில்_மருத்துவம்

உப்பளப் பகுதிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டு வெப்பமானி வாங்குங்கள். ஒன்றின் குமிழில் ஈர மல்துணி சுற்றி, விசிறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் வையுங்கள். காய்ந்த வெப்பமானி 36 காட்டும்போது ஈர வெப்பமானி 30 காட்டினால், வியர்வை உடம்பைக் குளிர வைக்க வழி குறைந்துவிட்டது என்று பொருள். 40 டிகிரி வறண்ட வெயிலைவிடக் கடலோர 36 டிகிரி ஏன் ஆளைச் சாய்க்கிறது என்பது இதில் கண்ணாலேயே தெரியும். ஈர வெப்பமானி 31ஐ நெருங்கினால் திடகாத்திரமான இளைஞருக்கே ஆபத்து என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தரையிலும் உப்பிலும் பட்டுத் திரும்புகிற வெயில் தனிக்கணக்கு.

"தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. கால் மணி முதல் இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டாமல். உப்பளத்தில் கழிப்பறை இல்லாவிட்டால் பெண்கள் வேண்டுமென்றே குறைத்துத்தான் குடிப்பார்கள். அதனால் தண்ணீர்ப் பேச்சும் கழிப்பறைப் பேச்சும் ஒன்றாக வர வேண்டும். இதை மருத்துவரே சொன்னால் எடுபடும். புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு அதே அளவு கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு மட்டக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டி என்பது தேக்கரண்டி, தலை தட்டியது. உப்பு கூடினால் கெடுதல்.

ஒருவர் குழறிப் பேசினால், தள்ளாடினால், நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். குளிர்விப்பது முதல், கொண்டுபோவது பிறகு. பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை வட்டத்துக்கு ஒருவரைப் படுக்க வைத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

பல துறையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அகமதாபாத் நல்ல உதாரணம். 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் மாநகராட்சி, வானிலைத் துறை, பொதுச் சுகாதார நிபுணர்கள் சேர்ந்து வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தார்கள். மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறமும், அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும்தான். உங்கள் ஊருக்கு அவர்களின் அளவு பொருந்தாது. அங்கே சிவப்பு 45 டிகிரியில், கடலோரத்தில் ஈரத்தைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நீவாடு

கடல் பகுதிக்கு ஒரு மூத்த மீனவரையும் நிபுணராகவே மேடையில் உட்கார வையுங்கள், அதே 8 நிமிடம், அதே மதிப்பூதியம். "உள்ளூர் அனுபவம்" என்று கடைசியில் இரண்டு நிமிடம் கொடுப்பது மரியாதை இல்லை. கள்ளக்கடல் என்ற சொல்லே கேரளக் கரை மீனவர்களுடையது. உள்ளூரில் காற்றே இல்லாதபோது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழுந்த நீண்ட அலை கரைக்கு வந்து ஏறுவதற்கு அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோவே அதை அறிவியல் சொல்லாக ஏற்றது. இன்று ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸ் அதே பெயரில்தான் எச்சரிக்கை விடுகிறது.

எச்சரிக்கையில் "அலை உயரம் 3 மீட்டர்" என்று வந்தால், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. தனி அலை ஒன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை எழலாம். படகுக்காரர்கள் பலர் அதை உச்ச உயரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒன்றைத் திருத்தினாலே அந்த ஒரு மணி நேரம் பயன்பட்டுவிடும். காற்று "45-55 கி.மீ., இடையிடையே 65" என்றால் 65க்குத்தான் முடிவெடுக்க வேண்டும். வாடை, கொண்டல், கச்சான் என்று அவர்கள் சொல்லும் திசைகளைக் கடலியல் நிபுணர் முன்தினமே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கச்சான் கரைக்குக் கரை கொஞ்சம் திசை மாறும். ஆழத்தைப் பாகத்தில் (விரித்த இரு கைகளின் நீளம்) சொல்லுங்கள், மீட்டரில் வேண்டாம்.

கடைமடை_வாசகர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நிரலை மாற்றி எழுதிவிட்டேன், மண் கொண்டுவரப் பத்துப் பேரிடமும் சொல்லியாயிற்று. ஒன்று மட்டும் கேட்கிறேன். "புகை விட்டது பணக்கார நாடுகள், நாங்கள் ஏன் மாற வேண்டும்?" என்று கேட்டால்? கூட்டம் முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்ச வேண்டும்?

வட்டமேசை

அந்தக் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது, முதலில் அதை ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு இந்தியர் பங்கு சுமார் 2 டன் கரியமில வாயு, ஒரு அமெரிக்கர் பங்கு சுமார் 14 டன். உப்பளத் தொழிலாளியிடம் பல்பை அணைக்கச் சொல்கிற கூட்டமாக இது இருக்கக் கூடாது. அதனால்தான் மூன்று கேள்வியும் தற்காப்பைப் பற்றியே வைத்தேன்.

கையில் மிஞ்ச வேண்டியது மார்ச் 22. அன்று உலகத் தண்ணீர் நாள் கிராம சபை, உங்கள் கூட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் கழித்து வருகிறது. ஒவ்வொரு அமர்விலிருந்தும் ஒரே ஒரு தீர்மானம், ஒரு பத்திக்குள். "காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள நடவடிக்கை" என்று எழுதினால் நிறைவேறும், எதுவும் நடக்காது. எந்த இடம், எத்தனை, யார், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் வேண்டும். இன்ன உப்பளப் பாதையில் இரண்டு நிழற்கூரை, இரண்டு கழிப்பறை, ஏப்ரல் 15க்குள், இன்ன வடிகால் வாய்க்கால் இன்ன மதகு வரை தூர் வாருவது, செப்டம்பருக்குள், இப்படி. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டிருப்பதைத் தீர்மானத்தில் குறிப்பிடுங்கள், நிழற்கூரைக்கு அது பலம் சேர்க்கும்.

தீர்மான வாசகத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அன்று குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) இல்லாவிட்டால் தீர்மானமே எடுக்க முடியாது. 12 வட்டத்தின் நெறியாளர்களும் தங்கள் பத்துப் பேரில் அந்த ஊராட்சிக்காரர்களுக்கு முன்தினம் மாலை ஒரு போன் போடட்டும். பதிவேட்டில் தீர்மானம் ஏறியதும் அந்தப் பக்கத்தை அங்கேயே படம் எடுத்துவிடுங்கள். நான்கு நிபுணர்களுக்கும் அந்தப் படத்தை அனுப்புங்கள், அடுத்த தடவை கூப்பிட்டால் அவர்கள் வருவதற்கு அது ஒன்றே போதும்.